மண் அணையில் கசிவு, விரிசல், சரிவு: எது அவசரம், எது பொறுக்கலாம்?

ஐந்து முதல் பதினைந்து மீட்டர் உயரமுள்ள சின்ன மண் அணையைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு உங்களிடம் இருந்தால் இது உங்களுக்கு. பொறியாளர் வந்து சேரும்வரை கரையில் நிற்கப்போவது நீங்கள்தான். கண்ணில் பட்ட அறிகுறியை வைத்து அடுத்த அரை மணியில் என்ன செய்யலாம், எதைத் தொடவே கூடாது என்பது மட்டும்தான் இங்கே. கரையைத் திரும்பக் கட்டுவது, பலப்படுத்துவது எல்லாம் மண்ணைத் துளைத்துப் பார்த்துச் சொல்லத் தெரிந்தவர் வேலை.

கீழே வரும் பெயர்கள்: தண்ணீர் நிற்கும் பக்கம் உள்சரிவு, எதிர்ப்பக்கம் வெளிச்சரிவு, வெளிச்சரிவு தரையைத் தொடும் இடம் கரையடி, மேலே நடந்துபோகும் இடம் கரைத்தலை. நாமே திறந்து மூடுவது மதகு. மிஞ்சிய வெள்ளம் தானாக வழிந்தோடுவது கலிங்கு.

இன்னொன்றும் தெரிந்திருக்கட்டும். உலகில் உடைந்த பெரிய மண் அணைகளின் கணக்கைப் பார்த்தால், ஏறத்தாழ பாதி, வெள்ளம் கரைக்கு மேல் ஏறியோ கலிங்கு கெட்டோ போனவை. கிட்டத்தட்ட மற்ற பாதி, தண்ணீர் உள்ளே மண்ணை அரித்து வழி போட்டதால் போனவை. கரை சரிந்து மட்டும் உடைந்தவை மிகச் சில. நம் பயமோ நேர்மாறான வரிசையில் இருக்கிறது: கரையில் ஒரு விரிசல் விட்டால் ஊரே கூடிவிடும், கலிங்கில் புதர் மண்டிக் கிடந்தால் யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

இவற்றில் ஒன்று இருந்தால் மேலே படிக்க வேண்டாம்

கரையிலிருந்தோ கரையடியிலிருந்தோ கலங்கிய நீர் ஓடுகிறது. கசிவு மணிக்கு மணி கூடுகிறது. நீர்ப்பரப்பில் சுழல் தெரிகிறது. கரைத்தலையில் திடீரென்று குழி விழுந்திருக்கிறது. சரிந்த மண்ணின் விளிம்பு கரைத்தலையைத் தொட்டுவிட்டது. தண்ணீர் கரைக்கு மேல் ஏறி வழிகிறது, அல்லது இன்னும் கொஞ்ச நேரத்தில் ஏறிவிடும்.

முதல் வேலை, கீழே குடியிருப்பவர்களை மேட்டுக்கு அனுப்புவது. இரண்டாவது, அணைக்குப் பொறுப்பான அதிகாரிக்கும் அவசர உதவிக்கும் சொல்வது. மூன்றாவதுதான் மதகைத் திறப்பது. "இன்னும் கொஞ்சம் பார்ப்போம், வீணாக ஏன் பீதி கிளப்புவது" என்ற தயக்கம் எல்லோருக்கும் வரும். சந்தேகம் மாலையில் வந்தால் இருட்டுவதற்குள் சொல்லிவிடுங்கள். இலங்கையின் கந்தளாய்க் குளக்கரை 1986 ஏப்ரல் 20 அன்று உடைந்தது அதிகாலையில், ஊர் தூங்கிக்கொண்டிருந்த நேரம். நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள்.

வெளிச்சரிவில் ஈரம், சேறு, ஓரிடத்தில் மட்டும் பச்சை

கசியாத மண் அணை கிடையாது. தண்ணீர் மண்ணுக்குள் மெதுவாக ஊறி வெளியே வரத்தான் செய்யும். அதனால் ஈரம் இருக்கிறதா என்று கேட்பதில் பயனில்லை. எங்கே இருக்கிறது, போன தடவைக்கு இப்போது எவ்வளவு மாறியிருக்கிறது என்று கேளுங்கள்.

கரையடியை ஒட்டிய ஈரம் பெரும்பாலும் எதிர்பார்த்ததே. சரிவின் நடுவயிற்றில், தரையிலிருந்து நல்ல உயரத்தில் ஈரம் தெரிந்தால் அது வேறு கதை: கரைக்குள் நீர்மட்டம் இருக்கவேண்டியதைவிட மேலே ஏறி நிற்கிறது. அந்தச் சரிவு வலுவிழந்து வழுக்கும் வாய்ப்பு கூடுகிறது.

ஈரத்தின் ஓரத்தில் குச்சிகளை நட்டு எல்லை குறித்துவிடுங்கள். அன்றைய நீர்மட்டத்தையும் கடைசியாக மழை பெய்த நாளையும் எழுதி வையுங்கள். மழை நின்று பல நாள் ஆகியும் ஈரம் காயவில்லை என்றால் அது மழைநீர் அல்ல. அணையில் நீர் ஏறும்போது குச்சியைத் தாண்டி விரிந்து, இறங்கும்போது சுருங்கினால் அது அணைத் தண்ணீரேதான். நீர்மட்டம் அதே உயரத்தில் இருக்க ஈரம் மட்டும் விரிந்திருந்தால், உள்ளே ஏதோ மாறியிருக்கிறது. அந்த வாரமே பொறியாளரை வரவழைக்க வேண்டும். கோடையில் மற்ற இடமெல்லாம் காய்ந்திருக்க ஒரு திட்டு மட்டும் பச்சைப்பசேல் என்று இருந்தாலும், கோரைப்புல் முளைத்திருந்தாலும் இதே கணக்கு.

கசிவு ஓடையாக ஓடுகிறது

இங்கேதான் நிதானமாக நேரம் செலவழிக்க வேண்டும். பார்க்க வேண்டியவை இரண்டு: அளவு, நிறம்.

அளவுக்கு ஒரு வாளியும் கடிகாரமும் போதும். கசிவு நீரை ஒரு சின்ன வாய்க்காலில் சேர்த்து, கடைசியில் குழாய்த் துண்டு வைத்து வாளிக்குள் விழவிடுங்கள். 10 லிட்டர் வாளி 50 விநாடியில் நிறைந்தால் நிமிடத்துக்கு 12 லிட்டர். இந்த எண்ணைத் தனியாகப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. அதே நீர்மட்டத்தில் முன்பு 12 இருந்தது, இப்போது 20 என்றால்தான் அது பேசும். எனவே அளவுக்குப் பக்கத்தில் நீர்மட்டத்தை எழுதாத குறிப்பேடு இருந்தும் இல்லாத மாதிரிதான்.

நிறத்துக்குக் கண்ணை மட்டும் நம்பாதீர்கள். ஓடும் நீரில் கொஞ்சம் மண் கலந்திருந்தால் தெரியாது. நிறமில்லாத கண்ணாடிப் பாட்டில் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். கசிவு வெளியே வரும் வாயிலேயே, அடிமண்ணைக் கிளறாமல் பாட்டிலைச் சாய்த்துப் பிடித்து நிரப்பி மூடுங்கள். தேதி, நேரம், நீர்மட்டம் எழுதிய சீட்டை ஒட்டி, அசையாத இடத்தில் வையுங்கள். ஒரு மணி நேரம் கழித்து ஒருமுறை, மறுநாள் ஒருமுறை வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பாருங்கள். அடியில் ஒரு படிவும் இல்லையென்றால் தண்ணீர் மட்டும்தான் வருகிறது. நகக்கண் அளவுக்குப் படிவு இருந்தாலும் கரை துளித்துளியாக வெளியே போய்க்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். பாட்டில்களைக் கொட்டிவிடாதீர்கள், வரிசையாக வைத்திருந்தால் பொறியாளருக்கு உங்கள் பேச்சைவிட அவை அதிகம் சொல்லும்.

ஒரு குழப்பம் அடிக்கடி வரும். கசிவு வாயில் துருநிறத்தில் வழவழவென்று ஏதோ படிந்திருக்கும். மேலே எண்ணெய்ப் படலம்போல மினுங்கும். பெரும்பாலும் அது இரும்பை உண்டு வாழும் நுண்ணுயிரின் வேலை. விரலில் எடுத்துத் தேய்த்துப் பாருங்கள். நறநறவென்றால் மண். ஒன்றுமே இல்லாமல் வழுக்கிக் கரைந்தால் மண் அல்ல. அப்படியானாலும் அது வடிகால் துளைகளை அடைக்கும் என்பதால் குறித்து வையுங்கள்.

தெளிந்த நீரை எவ்வளவு நம்பலாம்? அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில் டீட்டன் அணையை முதல்முறையாக நிரப்பிக்கொண்டிருந்தார்கள். 1976 ஜூன் 3 அன்று அணைக்குக் கீழே ஊற்றுகள் தெரிந்தன, தெளிந்த நீர்தான். 5-ஆம் தேதி காலை கலங்கிய நீர் வந்தது. ஓட்டைக்குள் மண்ணைத் தள்ளி அடைக்கப் புல்டோசர்களை இறக்கினார்கள். அவை ஓட்டைக்குள்ளேயே போயின. நண்பகலுக்கு மூன்று நிமிடம் முன்பு அணை உடைந்தது. அது நம் கணக்கில் மிகப் பெரிய அணை. ஆனால் தெளிந்த நீரிலிருந்து கலங்கிய நீருக்கும், அங்கிருந்து உடைப்புக்கும் ஆகும் நேரம் சின்ன அணையில் இதைவிடக் குறைவாகவும் இருக்கலாம். தெளிந்த கசிவைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். கலங்கிய கசிவுக்கு அந்தச் சலுகை கிடையாது.

ஓடிக்கொண்டிருந்த கசிவு திடீரென்று நின்றுவிட்டது

நல்ல செய்தி என்று நினைக்கத் தோன்றும். அணையில் நீர் இறங்கியிருந்தால் சரி, அது இயல்பு. நீர்மட்டம் அப்படியே இருக்கக் கசிவு மட்டும் நின்றிருந்தால், வடிகால் அடைத்திருக்கலாம். அல்லது உள்ளே அரித்த வழியின் கூரை விழுந்து தற்காலிகமாக மூடியிருக்கலாம். பின்னால் நீர் அழுத்தம் ஏறிக்கொண்டிருக்கும். மறுபடி வரும்போது கலங்கிக்கொண்டு வரும், அல்லது வேறிடத்தில் வரும். அன்று முழுக்க ஆள் போட்டுக் கவனியுங்கள்.

கரையடிக்கு அப்பால் தரையில் மணல் பொங்குகிறது

வயலிலோ ஓடையிலோ எறும்புப் புற்று மாதிரி வட்டமாக மணல் குவிந்திருக்கும். நடுவில் விரல்கடை அளவு வாய், அதில் மணல் துகள்கள் துள்ளிக்கொண்டே இருக்கும். அணையின் அடித்தரை வழியாக வரும் நீர், மேலே இருக்கும் மண்ணைத் தூக்கும் அளவுக்கு அழுத்தத்தோடு வருகிறது. மணல் துள்ளுகிறது, ஆனால் வெளியே கொட்டவில்லை என்றால் கொஞ்சம் நேரம் இருக்கிறது. குவியல் வளர்ந்துகொண்டே போனால் அவசரம்.

செய்ய வேண்டியது: வாயைச் சுற்றி, சற்றுத் தள்ளி, மணல் மூட்டைகளை வளையமாக அடுக்குங்கள். வளையத்துக்குள் நீர் ஏற ஏற அதன் எடை ஊற்றை எதிர்த்து அழுத்தும். மணல் வருவது நின்று தெளிந்த நீர் மட்டும் வரும் உயரம் வந்ததும், ஒரு பக்கம் மூட்டையைத் தாழ்த்தி வழிந்தோட விடுங்கள்.

நீரை முழுசாக நிறுத்தப் பார்ப்பதுதான் இதில் எல்லோரும் செய்யும் தவறு. வெளிப்பக்கம் களிமண்ணைக் குழைத்து அப்புவது, தார்ப்பாய் போட்டு மூடுவது, சிமெண்ட் கொட்டுவது எதுவும் உதவாது. வாயை அடைத்தால் நீர் நிற்காது. அழுத்தம் கூடி, பக்கத்தில் இன்னும் பெரிய வாய் திறக்கும். நீர் போகட்டும், மண் மட்டும் போகக்கூடாது. அதற்கு வடிகட்டி: கசிவின் மேல் முதலில் சுத்தமான பருமணல், அதன் மேல் சின்ன ஜல்லி, அதன் மேல் பெரிய ஜல்லி அல்லது கல். நீரின் வேகம் மணலை அடித்துக்கொண்டு போனால், முதலில் கற்களைப் போட்டு வேகத்தைக் குறைத்துவிட்டு, அப்புறம் ஜல்லி, மணல் என்று போடுங்கள். கரைக்குப் பக்கத்தில் எப்போதும் ஒரு குவியல் பருமணலும் ஜல்லியும் வெற்றுச் சாக்குகளும் இருக்க வேண்டும் என்று சொல்வது இதற்காகத்தான். நள்ளிரவில் மழையில் லாரி கிடைக்காது.

அடைப்பது என்று வந்தால் அது உள்பக்கத்தில், நீர் நுழையும் இடத்தில். அங்கே தார்ப்பாயும் களிமண்ணும் பலன் தரலாம். ஆனால் சுழல் இருக்கும் இடத்துக்கு ஆள் இறங்கவே கூடாது.

மதகுக் குழாயைச் சுற்றி ஈரம், அல்லது மதகு மூடியிருந்தும் நீர்

கரையைக் குறுக்கே துளைத்துப் போகும் எதுவும் பலவீனம்தான். குழாயை ஒட்டிய மண்ணை நன்றாக இறுக்குவது கடினம். அந்த இடுக்கில் நீர் எளிதாக வழி பிடிக்கும். குழாய் வாயின் உள்ளிருந்து நீர் வருகிறதா, குழாய்க்கும் மண்ணுக்கும் இடையிலிருந்து வருகிறதா என்று முதலில் பிரித்துப் பாருங்கள். இடையிலிருந்து வந்தால், தெளிவாக இருந்தாலும் பொறியாளரைக் கூப்பிடுங்கள்.

உள்ளிருந்து வந்தால் கதவு சரியாக உட்காரவில்லை, அல்லது குழாய் நடுவில் எங்கோ ஓட்டை. அடைப்பான் உள்பக்கத்தில் இருக்கிறதா, வெளிமுனையில் இருக்கிறதா என்பது இங்கே முக்கியம். வெளிமுனையில் மட்டும் இருந்தால் மூடிய நேரமெல்லாம் கரைக்குள் இருக்கும் குழாய் முழு அழுத்தத்தில் நிற்கும். துருப்பிடித்த ஒரு துளை போதும், மண்ணுக்குள் பீய்ச்ச. அமெரிக்காவின் கொலராடோவில் லான் லேக் என்ற 8 மீட்டர் உயரச் சின்ன மண் அணை 1982 ஜூலை 15 அன்று உடைந்து மூன்று பேர் இறந்தார்கள். குழாயும் அடைப்பானும் சேரும் இடத்தில் இருந்த ஈயப்பூச்சு நாளடைவில் கெட்டு, அங்கிருந்து கசிந்த நீர் கரையை உள்ளேயிருந்து அரித்ததுதான் காரணம்.

குழாய்க்குள் ஆள் நுழைந்து பார்ப்பது வேண்டாம். கம்பியில் விளக்கும் கேமராவும் கட்டி அனுப்பிப் பார்க்கலாம்.

கரைத்தலையிலோ உள்சரிவிலோ குழி

வாய் சின்னதாக, சுவர் செங்குத்தாக, அடி தெரியாமல் இருந்தால் கீழே வெற்றிடம் இருக்கிறது. மதகுக் குழாய் போகும் தடத்துக்கு மேலே இருந்தால் சந்தேகமே வேண்டாம். மண்ணைக் கொட்டி மூடிவிட்டு நிம்மதியாகப் போகாதீர்கள், அறிகுறியைத்தான் மூடியிருப்பீர்கள். ஆளும் வண்டியும் போகாதபடி கயிறு கட்டி, வெளிச்சரிவில் கலங்கிய நீர் வருகிறதா என்று உடனே போய்ப் பார்த்து, நீர்மட்டத்தை இறக்கத் தொடங்குங்கள்.

விரிசல்

கோடையில் களிமண் காய்ந்து வலைபோல வெடிப்பது எல்லாக் கரையிலும் உண்டு. ஆழம் குறைவாக இருக்கும், மழை பெய்தால் மூடிக்கொள்ளும். இதை விட்டுவிடலாம்.

கரையின் நீளவாக்கில் போகும் விரிசல் என்றால் இரண்டு பக்கமும் ஆணி அடித்து, இடைவெளியை அளந்து எழுதுங்கள். இரண்டு பக்கமும் ஒரே மட்டத்தில் இருந்தால் பெரும்பாலும் கரை அமர்வதால் வந்தது. ஒரு பக்கம் கீழே இறங்கியிருந்தால், விரிசலின் இரு முனையும் சரிவுப் பக்கம் பிறைபோல வளைந்திருந்தால், அது மண் சரிவதன் தொடக்கம்.

குறுக்கு விரிசல் — உள்பக்கத்திலிருந்து வெளிப்பக்கத்துக்குக் கரையை வெட்டிப் போவது — எவ்வளவு மெல்லியதாக இருந்தாலும் பெரிய விஷயம். நீர்மட்டம் அந்த ஆழத்தைத் தொட்டால் அதுவே வாய்க்கால் ஆகிவிடும். நீரை விரிசலின் அடிக்குக் கீழே வைத்திருங்கள். எந்த விரிசலாக இருந்தாலும் மழைநீர் இறங்காதபடி மேலே தார்ப்பாய் போடுவது நல்லது. தண்ணீர் ஊற்றிச் சோதிப்பது கூடாது.

சரிவு, கரையடியில் உப்பல்

சரிந்து கீழே வந்து கிடக்கும் மண்ணை அள்ளிச் சுத்தம் செய்யாதீர்கள். அந்த மண்தான் மேலே மிச்சமிருப்பதைத் தாங்கிக்கொண்டிருக்கிறது. கரையடியில் பள்ளம் தோண்டுவதும், கரைத்தலையில் மண் லாரியை நிறுத்துவதும் அதே காரணத்தால் கூடாது. எடை வைப்பதானால் கீழே, கரையடியில், நீர் வடியும்படி கல்லும் ஜல்லியுமாக.

சின்னச் சரிவுதானே என்று விடுவதைப் பற்றி: அமெரிக்காவின் ஜார்ஜியாவில் கெல்லி பார்ன்ஸ் அணை 1977 நவம்பர் 6 அன்று உடைந்து 39 பேர் இறந்தார்கள். ஏறத்தாழ 12 மீட்டர் உயரம்தான். 1973-இல் எடுத்த ஒரு புகைப்படத்திலேயே அதன் வெளிச்சரிவில் மண் சரிந்திருந்தது தெரிந்தது.

உள்சரிவு சரிவது பெரும்பாலும் நீரை வேகமாக இறக்கும்போது. மண்ணுக்குள் ஊறிய நீர் வடிய நேரமில்லை. வெளியே தாங்கிக்கொண்டிருந்த நீரோ போய்விட்டது. அதனால் சாதாரண நாளில் ஒரு நாளைக்கு 30 செ.மீ. அளவுக்கு இறக்குவது பொது வழக்கம். அணை உடையும் ஆபத்து என்றால் இந்தக் கணக்கைப் பார்க்க வேண்டாம், திறந்துவிடுங்கள்.

கலிங்கில் புதர், வலை, பலகை, மூட்டை

இதைக் கடைசிப் பக்கம் தள்ளுவது எனக்குப் பிடிக்காது, ஏனென்றால் பாதி அணைகள் இதில்தான் போகின்றன. அடைத்துக் கிடக்கும் செடி கொடியை வெட்டுவது எளிது. கஷ்டம், மனிதர்களே வைக்கும் அடைப்பு. இன்னும் ஒரு முழம் தண்ணீர் தேக்கலாம் என்று கலிங்கின் மேல் மூட்டை அடுக்குவார்கள், மீன் தப்பாமலிருக்க வலை கட்டுவார்கள். கலிங்குக்கும் கரைத்தலைக்கும் உள்ள இடைவெளி சும்மா விடப்பட்டதல்ல. வெள்ளமும் அலையும் அதில்தான் அடங்க வேண்டும்.

1889 மே 31 அன்று அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் சவுத் ஃபோர்க் அணை உடைந்து ஜான்ஸ்டவுன் ஊர் அழிந்தது. 2,209 பேர் இறந்தார்கள். அதன் கலிங்கில் மீனுக்காகக் கம்பி வலை போட்டிருந்தார்கள், அது குப்பையில் அடைத்துக்கொண்டது. கரைத்தலையையும் வண்டி போக வசதியாகத் தாழ்த்தியிருந்தார்கள். அடியில் நீர் திறக்கும் குழாய்களை முன்பே கழற்றி எடுத்துவிட்டதால், வெள்ளத்தை விட வேறு வழியும் இல்லை.

மழைக்காலத்துக்கு முன் மூட்டை, பலகை, வலை எதுவும் கலிங்கில் இருக்கக்கூடாது. யார் வைத்தாலும் எடுத்துவிடுங்கள், சண்டை வந்தாலும்.

கலிங்கு கான்கிரீட் என்றால் தட்டிப் பாருங்கள். பொத்தென்ற சத்தம் கேட்கும் இடத்தில் அடியில் மண் போய்விட்டது. இணைப்பில் செடி முளைத்திருந்தால் அந்த இடுக்கு வழியே நீரும் இறங்குகிறது. இங்கிலாந்தில் டாட்புரூக் நீர்த்தேக்கத்தின் கலிங்கில் பதித்த கான்கிரீட் பலகைகள் 2019 ஆகஸ்ட் 1 அன்று வெள்ளத்தில் பெயர்ந்து, கீழே இருந்த கரையையே வெள்ளம் அரித்தது. ஏறத்தாழ 1,500 பேரை வெளியேற்றி, ஹெலிகாப்டரில் கல் மூட்டைகளைக் கொண்டுவந்து போட்டுத்தான் அணையைக் காப்பாற்றினார்கள்.

கரைத்தலையில் தாழ்வான இடம்

கண்ணால் பார்த்தால் தெரியாது. மட்டக்குழாயில் நீர் நிரப்பி கரை நெடுக மட்டம் பாருங்கள். வெள்ளம் ஏறினால் முதலில் அங்கேதான் வழியும், முழு வெள்ளமும் அந்த ஒரே இடத்தில் பாயும். வெள்ளம் வரும் முன்பே இறுக்கிய மண்ணால் உயர்த்திவிடுங்கள். வெள்ளம் வந்துவிட்டால் மணல் மூட்டை. பதறிப்போய்க் கரையை வெட்டி விடுவது தற்கொலைக்குச் சமம்; வெட்டிய இடம் நீங்கள் நினைத்த அகலத்தில் நிற்காது.

மரம், வளை, அலை அரிப்பு

கரையில் மரம் வேண்டாம். புயலில் சாய்ந்தால் வேரோடு கரையையும் பெயர்க்கும். பட்டுப்போனால் மட்கிய வேர் நீருக்கு வழியாகும். கன்றாக இருக்கும்போதே பிடுங்குங்கள். பெரிய மரத்தை வெட்டி அடிக்கட்டையை விட்டுவிடுவது பாதி வேலை. நீர் இறங்கிய காலத்தில், பொறியாளர் மேற்பார்வையில், வேரை எடுத்துக் குழியை இறுக்கி நிரப்ப வேண்டும்.

மகாராஷ்டிராவின் திவரே அணை 2019 ஜூலையில் உடைந்தபோது நண்டுகள்தான் காரணம் என்று ஒரு அமைச்சர் சொல்லிக் கேலிக்கு ஆளானார்; அணை கசிகிறது என்று ஊர்க்காரர்கள் முன்பே சொல்லியிருந்தார்கள். ஆனாலும் எலி, நண்டு, நரி தோண்டும் வளைகளை அலட்சியம் செய்ய முடியாது. கசியும் நீர் கடக்க வேண்டிய தூரத்தை அவை குறைக்கின்றன. ஒன்பது பங்கு மண்ணுக்கு ஒரு பங்கு சிமெண்ட் சேர்த்துக் கூழாகக் கரைத்து வளைக்குள் ஊற்றி நிரப்பலாம். வாயை மட்டும் கல் வைத்து அடைத்தால் பக்கத்தில் புது வாய் வரும்.

உள்சரிவில் அலை அடித்துப் படி வெட்டியிருந்தால், கல் பதிக்கும் முன் அடியில் ஜல்லிப் படுகை போடுங்கள். வெறும் மண்ணில் கல்லை வைத்தால் அலை கல்லிடுக்கில் மண்ணை உறிஞ்சிவிடும்.

எந்த அறிகுறியும் இல்லை, அணை காய்ந்து கிடக்கிறது

பார்க்க இதைவிட நல்ல சமயம் கிடைக்காது. மதகின் உள்வாய், கதவு உட்காரும் இடம், உள்சரிவின் அடிப்பகுதி, வண்டலில் புனல்போல விழுந்த பள்ளங்கள் எல்லாம் இப்போதுதான் கண்ணில் படும். ஒவ்வொன்றையும் அளவுகோல் வைத்துப் புகைப்படம் எடுங்கள். கதவை முழுக்க ஏற்றி இறக்கிப் பாருங்கள். நீண்ட நாள் காய்ந்த கரையில் வெடிப்பு ஆழமாகியிருக்கும் என்பதால், அடுத்து நீர் வரும்போது முதல் நிரப்புதல்போலவே நடத்துங்கள்: முடிந்தவரை மெதுவாக ஏறவிட்டு, ஒவ்வொரு நாளும் கரையடியை நடந்து பார்த்து, பாட்டிலில் கசிவு நீர் பிடித்துத் தேதி எழுதி வையுங்கள்.